கண்ணில் படாத ஒருவன்

ஒரு வீட்டில் எல்லாரும் உண்மையே பேசியும் கணக்கு உதைக்கிறது என்றால், மனிதனல்லாத ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று அர்த்தம். லாரிக்காரருக்கு அப்படித்தான் பட்டது. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மகள் முகம் சுண்டிப்போகும்.

போன வார இதழில் நீங்கள் படித்தது இந்த வீட்டுக்காரர்களுக்கு நேற்றுச் சாயங்காலம். மீசை மாமா வந்தார், டீ குடித்தார், போகிற போக்கில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். மீசை மாமா லாரிக்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். வேன் ஓட்டுகிறவர். நாதியற்றவர்களைச் சேர்த்து வைத்திருக்கும் இல்லங்களுக்கு ஊர் ஊராகச் சாமான் இறக்குகிற வேலை.

"பெரியவனை ஒரு இல்லத்துல பாத்தேனே. மாடிப்படிக்குக் கீழ குத்தவச்சு உக்காந்திருந்தான். மாசம் மூணு நாலு இருக்கும். நீங்கதான் கொண்டுபோய் விட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். அதைப் போய்க் கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

எந்த இல்லம் என்று கேட்டால் மீசையைத் தடவினார். "அந்தத் தடத்துல ஏழெட்டு இல்லத்துல இறக்குவேன். எல்லாத்துலயும்தான் மாடிப்படி இருக்கு" என்றார்.

வேண்டிய நேரத்தில் மூடிக்கொள்கிற வாயும் வேண்டாத நேரத்தில் திறக்கிற வாயும் ஒரே முகத்தில் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு வேறு எதிரி வேண்டியதில்லை.

பெரியவன் என்பது மூத்த மகன். சின்ன வயதிலிருந்தே மனசு கொஞ்சம் தடம் மாறிய பிள்ளை. சாது. யாரையும் ஒரு சொல் சொல்லமாட்டான். எதைக் கண்டாலும் கழுவுவான், அவ்வளவுதான் அவன் கோளாறு. அன்றைக்குத் தெருவே குடத்தோடு காத்து நிற்க, அப்பாவின் தண்ணீர் லாரியிலிருந்து குழாயை இழுத்துப் போட்டு, அக்கம்பக்கத்து வாசல்களில் கிடந்த செருப்பையெல்லாம் பொறுக்கிவந்து ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தான். தொட்டித் தண்ணீர் பாதிக்கு மேல் சாக்கடைக்குப் போய்விட்டது. ஊர் கூடிக் கத்தியது. லாரிக்காரர் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "இனிமே என் கண்ணுல படாதே!"

"சரிப்பா" என்றான் அவன். கையிலிருந்த செருப்பைக் கழுவி முடித்து, ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போனான்.

சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. அதுதான் வினை.

அதிலிருந்து லாரிக்காரர் லாரியைத் தொடவில்லை. அதிலிருந்து அவர் மனைவியும் அவரோடு பேசவில்லை. ஒரே கூரை, ஒரே சமையல். பேச்சு மட்டும் மகள் வழியாக வரும்.

இன்று காலையும் அப்படித்தான் வந்தது.

"பாப்பா, அந்த ஆளை டீயைக் குடிக்கச் சொல்லு. ஆறிப்போகுது."

"அப்பா, டீ."

"குடிச்சிட்டேன்னு சொல்லு."

"அம்மா, குடிச்சிட்டாராம்."

"டம்ளர் நெறைய இருக்கே, அது என்ன, ஊறி வந்துச்சாமா?"

வேறொரு நாளாக இருந்திருந்தால் மகள் சிரித்திருப்பாள். இன்று சிரிக்கவில்லை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் உண்டு. அதை எழுதியவள் அவளே. இல்லங்கள் எல்லாம் சேர்ந்து அவள் வேலை பார்க்கும் கம்பெனியிடம் கேட்டு வாங்கிய பக்கம். எந்த இல்லத்தில் யார் வந்து சேர்ந்தாலும் அன்றைக்கே படம் பிடித்து ஏற்றிவிடுவார்கள். படம், பெயர், வயது, வந்த தேதி, இல்லம், இப்போதைய நிலை என்று மேலே தலைப்புகள். எந்தத் தலைப்பைத் தொடுகிறோமோ அதன்படி ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். பெயரைத் தொட்டால் பெயர் வரிசை. தேதியைத் தொட்டால் தேதி வரிசை. பக்கத்துக்கு இருபது பேர். அடியில் இருக்கும் அம்புக்குறியை அமுக்கினால் அடுத்த இருபது.

அண்ணன் போன மறுநாளே மகள் அதில் தேடினாள். பெயரை அடித்துத் தேடினாள். அவன் நெற்றியில் இருந்த தழும்பை எழுதித் தேடினாள். கிடைக்கவில்லை. "அவன்தான் பேரையே சொல்லமாட்டானே" என்று அம்மா சொன்னபிறகு மகளுக்கு ஒன்று தோன்றியது. அப்பாவைக் கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

"அப்பா, உங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். நம்பர் நல்லாத் தெரியும்ல? 'வயது'ன்னு இருக்கு பாருங்க, அந்தத் தலைப்பைத் தொடுங்க. எல்லாரும் வயசு வரிசையில வந்து நிப்பாங்க. இல்லத்துக்காரங்க ஆளைப் பாத்து உத்தேசமாத்தான் வயசு போடுவாங்க. அண்ணனுக்கு முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கலாம், நாப்பதுன்னு போட்டிருக்கலாம். அங்கேருந்து அங்க வரைக்கும் ஒவ்வொரு முகமாப் பாருங்க. பெத்த கண்ணுக்குத் தப்பாது."

லாரிக்காரர் எதையும் நம்பாதவர். நிறுத்தி வைத்த லாரியைக்கூடத் திரும்பித் திரும்பிப் பார்ப்பவர். பேங்குக்காரன் பேனா கொடுத்தால் அதில் மை இருக்கிறதா என்று உதறிப் பார்ப்பவர். ஆனால் மகள் சொன்னாள் என்பதற்காக இதை நம்பினார். காலையில் பல் விளக்கியதும் இந்த மேசைக்கு வந்துவிடுவார். வயதைத் தொடுவார். திரையில் விரலை வைத்து ஒவ்வொரு முகமாக இறங்குவார். விரல் தடம் திரையில் பதிகிறதென்று முதலில் மகள் கடிந்துகொண்டாள், பிறகு துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இத்தனை மாதமாக அவர் ஒரு நாளும் தப்பவில்லை.

பெரியவன் அதில் இல்லை.

இப்போது மச்சான் பார்த்தேன் என்கிறார்.

"எங்கண்ணன் அரைக்கிறுக்குதான்" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்து. "ஆனா பொய் சொல்லாது. இல்லத்துல இருந்த புள்ளை அந்தப் பக்கத்துல எப்படி இல்லாம போவான்? பாப்பா, நீயே சொல்லு. யாராவது விட்டுப்போறதுக்கு வழி இருக்கா?"

"இல்லம்மா. ஏத்திட்டா ஏத்தினதுதான். அது தானா போகாது. என் வேலைம்மா அது, எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏத்தினாங்க. அவன் அதுல இருந்தான். பாக்கிறவங்க பாக்கல. மனசுல இருந்தாத்தானே கண்ணுல படும்?"

லாரிக்காரர் அசையாமல் நின்றார். இந்தப் பேச்சு புதிதல்ல. இலைமறை காயாகப் பல தடவை வந்து போனதுதான். இன்றைக்குத்தான் தோலை உரித்துக்கொண்டு வந்தது.

"நான் பாத்தேன்னு சொல்லு பாப்பா."

"அம்மா, அப்பா தினமும்..."

"தினமும் உக்காந்தாரு. அதை நானும்தான் பாத்தேன். லாரியிலயும்தான் கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குவாரு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு துளி சந்தேகம் இருந்தது. அவருக்கு அது ஊசிபோல இறங்கியது. ஊரை நம்பாதவனை ஊர் நம்பாது என்பது அவருக்குத் தெரிந்த கதைதான். பெற்ற மகள் கண்ணில் அதைப் பார்ப்பது வேறு.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் வாங்க. பக்கத்துல நில்லுங்க. நான் எப்படிப் பாக்கிறேன்னு பாருங்க."

மனைவியைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவளும் வந்து நின்றாள். பின்னால், ஒரு முழம் தள்ளி.

அவர் வயதைத் தொட்டார். வரிசை மாறியது. இருபதுகளைத் தாண்டினார். முப்பத்தைந்து வந்தது, ஒரு பக்கம் முழுக்க அதுவே. விரல் இறங்கியது. ஒவ்வொரு முகத்திலும் நின்றது. தாடி இருந்தால் கட்டைவிரலால் தாடியை மறைத்துக் கண்ணை மட்டும் பார்த்தார். தொப்பி இருந்தால் தொப்பியை மறைத்தார். அந்த விரலையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது வந்தது. நாற்பதுக்குத்தான் கூட்டம். ஆளைப் பார்த்து உத்தேசமாக எழுதுகிறவன் கை நாற்பதில்தான் போய் நிற்கும் போலிருக்கிறது. ஒரு பக்கம், இன்னொரு பக்கம், அடுத்த பக்கம், எல்லாம் நாற்பது. ஊரில் கைவிடப்பட்டவர்களுக்கெல்லாம் ஒரே வயது.

"இந்தா, பல்லன் மறுபடியும் வந்துட்டான்" என்றார் லாரிக்காரர் தனக்குத்தானே.

"யாருப்பா?"

"இவன்தான். முன்பல்லு ரெண்டும் இல்லாதவன். போன பக்கத்துல கடைசியில நின்னான். இப்ப இந்தப் பக்கத்துல நடுவுல வந்து இளிக்கிறான். தினமும் இப்படித்தான். எனக்கு அவன் சொந்தக்காரன் மாதிரி ஆயிட்டான், போ. அன்னிக்கே உன்கிட்ட சொன்னேனே, நீதான் ஒரே மாதிரி மூஞ்சி நெறைய இருக்கும்ப்பான்னுட்டே."

மகள் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"போன பக்கத்துக்குப் போங்க" என்றாள்.

போனார். கடைசி வரியில் பல்லன். அதே சட்டை. அதே சுவர். பதிவு எண்ணும் அதே எண்.

"அடுத்தது."

அடுத்த பக்கத்தின் நடுவிலும் அதே எண்.

மகள் கை வாய்க்குப் போனது. அவர் பயந்துபோனார்.

"என்ன பாப்பா? யாராவது தெரிஞ்சவனா?"

"எழுந்திருங்கப்பா."

"என்னம்மா..."

"எழுந்திருங்க!"

அவர் எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். வேறு எதையோ திறந்தாள். கறுப்புப் பலகைமேல் குச்சிகுச்சியாக எழுத்து. விரல் ஓடியது, நின்றது, ஒரே வரியில் நின்றுகொண்டே இருந்தது. அம்மா இப்போது அந்த ஒரு முழத்தையும் விட்டுவிட்டு நெருங்கி வந்திருந்தாள்.

"சொல்லித் தொலையேன்டி."

மகள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். தெருவில் போகிறவர்களுக்குச் சொல்வதுபோல உணர்ச்சியில்லாமல் பேசினாள்.

"எல்லாரும் ஒரு பெரிய கிடங்குக்குள்ள இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. நீங்க தலைப்பைத் தொட்டதும் உள்ள ஒரு சேதி போகும். 'வயசுப்படி நிறுத்தி மொத இருபது பேரை அனுப்பு'ன்னு. அம்பை அமுக்கினா மறுபடியும் சேதி போகும். அது முன்னாடி நிறுத்துனதை ஞாபகம் வெச்சுக்காது. திரும்பவும் எல்லாரையும் புதுசா நிறுத்தி, அதுல அடுத்த இருபது பேரை அனுப்பும்."

"சரி."

"வயசு வேற வேறயா இருந்தா வரிசை மாறாது. ஆனா நாப்பதுலயே நூறு பேர் நின்னா, அந்த நூறு பேருக்குள்ள யார் முன்ன, யார் பின்னன்னு நான் சொல்லணும். நான் சொல்லல." அவள் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "சொல்லலன்னா அது இஷ்டத்துக்கு நிறுத்தும். ஒரு பக்கத்துக்கு ஒரு மாதிரி, அடுத்த பக்கத்துக்கு வேற மாதிரி, ஆனா தினமும் அதே மாதிரிகள்தான். ஒருத்தன் ரெண்டு பக்கத்துலயும் வருவான். அப்படின்னா..."

லாரிக்காரர்தான் முடித்தார்.

"இன்னொருத்தன் எதுலயும் வரமாட்டான்."

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"தெருவுல எல்லாக் குடமும் ஒரே பச்சைக் குடம்" என்றார் அவர் மெல்ல. "ஒவ்வொரு நடையும் லாரி வரும்போது வரிசையைக் கலைச்சுக் கலைச்சு வெச்சா, ஒருத்தி ரெண்டு நடையும் பிடிப்பா. ஒருத்தி காலையிலேர்ந்து நின்னும் வெறும் குடத்தோட போவா. அவ வரிசையில நிக்கலைன்னு சொல்ல முடியுமா? நின்னுக்கிட்டுத்தான் இருந்தா."

"கண்ட தலைப்பையும் எழுதி உள்ள எவனும் நுழையக் கூடாதுன்னு அவ்வளவு பாத்தேன்ப்பா. இந்தத் தலைப்புகளை மட்டும்தான் தொடலாம், வேற எதையும் கேட்டா பதில் வராதுன்னு பூட்டுமேல பூட்டா போட்டேன். திருடன் வருவான்னு பூட்டுனேன். உள்ள இருக்கிறவன் விழுவான்னு பாக்கல."

"திருத்த முடியுமா?"

"ஒரு வார்த்தைப்பா. வயசு ஒண்ணா இருந்தா பதிவு எண்படி நிறுத்துன்னு ஒரு வார்த்தை. பதிவு எண் ஆளுக்கு ஒண்ணு, யாருக்கும் ரெண்டாவது வராது."

"போடு."

போட்டாள். தன் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடுகிற நகலில்தான் போட்டாள். ஊருக்குத் தெரிகிற பக்கத்தில் மாற்றக் கம்பெனியைக் கேட்கவேண்டுமாம். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து அப்பாவைப் பார்த்தாள். தானே தேட அவளுக்குத் துணிச்சல் இல்லை.

லாரிக்காரர் உட்கார்ந்தார். வயதைத் தொட்டார். விரலை வைத்தார்.

நாற்பது. முதல் பக்கம் இல்லை. பல்லன் ஒரு தடவை வந்தான், போனான், மறுபடி வரவில்லை. இரண்டாவது பக்கம் இல்லை. மூன்றாவது பக்கத்தில் பாதி இறங்கியபோது விரல் நின்றது. கட்டைவிரலால் தாடியை மறைத்தார். மறைத்த விரலை எடுக்கவில்லை.

அம்மாதான் சத்தம் போட்டாள். சொல் எதுவும் இல்லை, வெறும் சத்தம்.

பெரியவன் சுவரில் சாய்ந்து நின்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். முப்பத்தாறு வயதுப் பிள்ளைக்கு நாற்பது என்று போட்டது தப்பில்லை என்று தோன்றுகிற அளவுக்கு இளைத்திருந்தான். தழும்பைத் தொப்பி மறைத்திருந்தது. பெயர் என்ற இடத்தில் 'சொல்லவில்லை' என்று இருந்தது.

"கடைசியில என்ன எழுதியிருக்கு? சிவப்பா இருக்கே." நிலை என்ற தலைப்பின் கீழ் இருந்ததைக் காட்டிக் கேட்டார். எழுத்துக்கூட்டிப் பார்க்க அவருக்குப் பொறுமையில்லை, அல்லது தைரியமில்லை.

"வெளியேறினார்னு போட்டிருக்குப்பா."

"எங்க வெளியேறினான்?"

"இல்லத்தை விட்டுப் போயிட்டான்னு அர்த்தம்."

இல்லத்தின் பெயரும் போன் நம்பரும் பக்கத்திலேயே இருந்தன. மகள் போன் போட்டு, மூவருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள். எடுத்தவர் அந்த இல்லத்தின் மேலாளர். வயதான குரல். பதிவு எண்ணைச் சொன்னதும் அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"செருப்புத் தம்பியா? ஐயோ, நீங்க அவரு வீடா?" என்றார். "எல்லார் செருப்பையும் கழுவி வரிசையா வைப்பாரும்மா. எங்க இல்லம் அவரு இருந்தப்ப மாதிரி சுத்தமா இருந்ததே கிடையாது. ரெண்டு மாசம் இருந்தாரு. போயிட்டாரு."

"ஏன் போனார்?" மகள் கேட்டாள்.

மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வந்த அன்னிக்குப் படம் எடுக்கும்போது நான்தான் சொன்னேன். தம்பி, உங்க படத்தை எல்லாரும் பாக்கிற பக்கத்துல போட்டுட்டோம், வீட்டுல தேடினாங்கன்னா கட்டாயம் கண்ணுல படுவீங்க, வந்துடுவாங்கன்னு. அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. தினமும் காலையில வந்து கேப்பாரு. 'எங்கப்பா வந்தாரா?' இன்னும் பாத்திருக்கமாட்டாரு தம்பிம்பேன். போய் மாடிப்படிக்குக் கீழ வாசலைப் பாத்து உக்காந்துக்குவாரு."

அம்மா போன் பக்கமாகக் குனிந்தாள்.

"ஒரு நாள் வந்தாரு. கேக்கல. அவரே சொன்னாரு. 'எங்கப்பா பாத்திருப்பாரு. எங்கப்பா எதையும் ரெண்டு தடவை பாப்பாரு. பாத்துட்டுதான் வரல.' அவ்வளவுதான் சொன்னாரு. மறுநாள் ஆளைக் காணோம்."

லாரிக்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் படாதே என்று சொன்ன வாய் அவருடையதுதான். அதன் பிறகு இத்தனை மாதம் கண்ணைத் தேய்த்துத் தேய்த்துத் தேடியவரும் அவரேதான். மகனுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும்.

"எந்தப் பக்கம் போனான்னு ஏதாவது?" என்று மகள் கேட்டாள்.

"தெரியலம்மா. போகும்போது கால்ல எதுவும் இல்லைன்னு எங்க சமையல்காரர் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அவரும் போனாப் போகுதுன்னுட்டாரு. ஆனா பாருங்க, ஒரு விஷயம். போன வாரம் காலையில கேட்டைத் தொறந்தா அந்தச் செருப்பு அங்க இருக்கு. ஜோடி சேத்து வெச்சிருக்கு. பளபளன்னு கழுவி."

அம்மா மேசைமேல் இருந்த போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அதற்குள் பிள்ளை இருக்கிறமாதிரி. "அந்தச் செருப்பை எடுக்காதீங்கய்யா" என்றாள். "வெச்ச எடத்துலயே இருக்கட்டும். நாங்க வரோம்."

போன் அணைந்தது.

மகள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான்ப்பா. நான்தான் வயசைத் தொடச் சொன்னேன். தேதியைத் தொடச் சொல்லியிருந்தா தெரிஞ்சிருப்பான். சும்மா விட்டிருந்தாலே தெரிஞ்சிருப்பான். அன்னிக்கு நீங்க பல்லனைச் சொன்னப்பவாவது..."

லாரிக்காரருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கற்றுக்கொள்ளவில்லை. அவர் அவள் தலையில் கை வைத்தார். கை கனமாக இருந்தது, அப்படியே வைத்திருந்தார்.

"நீ ஒரு வார்த்தையை விட்டுட்டே. நான் ஒரு வார்த்தையை அதிகமாச் சொன்னேன். எது பெருசுன்னு நிறுத்துப் பாக்க இப்ப நேரமில்ல. எழுந்திரு. உன் கம்பெனிக்குப் போன் போடு."

"எதுக்குப்பா?"

"நம்ம பையன் ஒருத்தன்தானா விழுந்திருப்பான்? என்னை மாதிரி எத்தனை கெழவன் எந்தெந்த வீட்டுல விரலை வெச்சுத் தேடிக்கிட்டிருக்கானோ. அவன் பொண்டாட்டி அவனை என்ன சொல்லிக்கிட்டிருக்காளோ."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் போன் போட்டாள். மேலதிகாரி பேசியது கேட்கவில்லை. இவள் பேசியது கேட்டது. "ஆமா சார், என் தப்பு... இல்ல சார், திங்கக்கிழமை வரைக்கும் விட முடியாது... யாரும் புகார் பண்ணலைங்கிறீங்க, எப்படிப் பண்ணுவாங்க சார்? புகார் பண்ண வேண்டியவங்க அந்தப் பக்கத்துலயே தெரியலையே." நாற்காலியை இழுத்தாள். "இப்பவே மாத்தறேன். மாத்திட்டுத்தான் எழுந்திருப்பேன்."

அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். லாரிக்காரர் சட்டையை மாட்டினார். பொத்தான் துளையில் போகவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். எதிரில் இருப்பதே தெரியாமல் தேடினார்.

"வலது பக்கம்."

திரும்பிப் பார்த்தார். மனைவி நின்றுகொண்டிருந்தாள். புடவை மாற்றிக் கையில் ஒரு பையோடு. பையில் பெரியவனின் பழைய சட்டை ஒன்று மேலாகத் தெரிந்தது. மகளைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நீங்க நடந்ததைச் சொன்னா அவன் நம்பமாட்டான்" என்றாள். "உங்க புள்ளைதானே, யாரை நம்புவான்? நான் சொல்றேன். உங்கப்பா ஒரு நாள் விடாம பாத்தாருடா, தாடியை மறைச்சு மறைச்சுப் பாத்தாருடான்னு, நான் கண்ணால கண்டதை நான் சொல்றேன்."

அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

உள்ளே மகளின் விரல்கள் தட்டும் சத்தம் நிற்காமல் கேட்டது. இருவரும் தெருவில் இறங்கினார்கள். அவர் வழக்கம்போல முன்னால் போகவில்லை.

எங்கேயோ ஒரு கேட்டுக்கு முன்னால், ஜோடி சேர்த்து வைத்த செருப்பு காத்திருந்தது. செருப்பு திரும்பி வந்துவிட்டது. போட்டிருந்த கால்கள்தான் இன்னும் வரவில்லை.